கயிறு ஒன்று, கைகள் பல: வொண்டர் வுமனை யாரிடமிருந்து வாசிக்கத் தொடங்குவது?

2017-ல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வொண்டர் வுமன் காமிக்ஸ் வாங்கப் போகிறவர் முதலில் தடுக்கி விழுவது எண்ணில்தான். ‘வொண்டர் வுமன் 1’ என்று இதுவரை ஆறு தொடர்கள் தொடங்கியிருக்கின்றன: 1942, 1987, 2006, 2011, 2016, 2023. போதாக்குறைக்கு 2010-ல் 44-ஆம் இதழுக்கு அடுத்து 600-ஆம் இதழ் வந்தது. அச்சுப்பிழை இல்லை. முதல் தொடரில் 329, இரண்டாவதில் 226, மூன்றாவதில் 44, கூட்டினால் 599. அடுத்தது 600. 2020-ல் 83-க்குப் பிறகு 750 வந்ததும் இதே கூட்டல் கணக்குதான். எனவே கடையிலோ இணையத்திலோ தேடும்போது இதழ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆண்டையும் எழுதியவர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

எழுதியவர் பெயர் இவள் விஷயத்தில் கூடுதல் முக்கியம். பேட்மேனை யார் எழுதினாலும் பெற்றோர் அந்தச் சந்தில்தான் சுடப்படுவார்கள். சூப்பர்மேனின் கிரகம் எப்போதும் வெடிக்கும். டயானாவுக்கு, அதாவது வொண்டர் வுமனுக்கு, அப்படி ஒரு நிலையான பிறப்புக் கதை கிடையாது. ஒருவர் கையில் அவள் தாய் பிசைந்த களிமண், இன்னொருவர் கையில் கிரேக்கக் கடவுள் ஸீயஸின் மகள். அவள் வளர்ந்த தீவின் வீராங்கனைகளான அமேசான்கள் ஒருவருக்கு ஞானியர், இன்னொருவருக்குக் கடற்கொள்ளைக்காரிகள். கொல்லலாமா கூடாதா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. வொண்டர் வுமனை வாசிக்கப் போகிறேன் என்று முடிவெடுப்பது பாதி வேலைதான். எவருடைய வொண்டர் வுமனை என்பது மீதி.

எவர் எப்படி என்று பார்க்க ஒரு சுலபமான வழி, இடுப்பில் தொங்கும், கட்டுண்டவரை உண்மை பேச வைக்கும் அந்தத் தங்கக் கயிறு. அதை வைத்து அவள் என்ன செய்கிறாள் என்று கவனித்தால் கதாசிரியரின் மனசு தெரிந்துவிடும்.

வொண்டர் வுமனைப் படைத்த வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் உளவியலாளர். பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று ஆராய்ந்தவர். பொய் கண்டறியும் கருவியின் முன்னோடிகளில் ஒருவர். ஆகவே உண்மைக் கயிறு அவர் தலையில்தான் உதித்தது என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். பழைய இதழ்களைப் புரட்டினால் வேறு மாதிரி இருக்கும். 1942-ல் அறிமுகமானபோது அது உண்மையைக் கக்க வைக்கிற கயிறு இல்லை, கீழ்ப்படிய வைக்கிற கயிறு. கட்டுண்டவர் கட்டியவர் சொன்னதைச் செய்தாக வேண்டும். உண்மை பேசுவது அதில் ஒரு பகுதி மட்டுமே. டயானாவே அதில் சிக்கினாலும் விதி அதேதான். அன்பான அதிகாரத்துக்குப் பணிவதே உலகைத் திருத்தும் என்பது மார்ஸ்டனின் கொள்கை. அதனால் பக்கத்துக்குப் பக்கம் யாராவது யாரையாவது கட்டிப்போடுகிறார்கள். ஆண் ஒருவன் அவள் காப்புகளில் சங்கிலி பூட்டினால் பலம் போய்விடும் என்ற விதியும் அங்கிருந்து வந்ததே. அந்தக் காப்புக்கு மாதிரி, மார்ஸ்டன் குடும்பத்தோடு வாழ்ந்த ஆலிவ் பைர்ன் கையில் அணிந்திருந்த வளையல்கள்.

ஓவியர் எச்.ஜி. பீட்டரின் கோடுகளுக்காகவும் அந்த விசித்திரத்துக்காகவும் இவை படிக்க வேண்டியவைதான். ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். போர்க்கால இனக் கேலிச்சித்திரங்கள் நிறைய, ஒவ்வொரு கதையும் ஒரே அச்சில் வார்த்தது. நாலைந்து கதைக்கு மேல் ஒரே மூச்சில் போகாது.

1947-ல் மார்ஸ்டன் இறந்தபின் ஏறக்குறைய இருபது வருஷம் ராபர்ட் கானிகர் எழுதினார். காதல், கல்யாணக் கவலை, இளவயது டயானா ‘வொண்டர் கேர்ள்’, குழந்தை டயானா ‘வொண்டர் டாட்’, மூவரும் ஒரே கதையில் ஒன்றாகத் தோன்றும் அபத்தம் என்று அது ஒரு தனி உலகம். (அந்த வொண்டர் கேர்ள் டயானாவேதான் என்பதைக் கவனிக்காமல் இன்னொரு கதாசிரியர் அவளைத் ‘டீன் டைட்டன்ஸ்’ குழுவில் தனி ஆளாகச் சேர்த்துவிட, அந்தப் பிழையைச் சரிக்கட்டப் பிறந்தவள்தான் டோனா ட்ராய். காமிக்ஸில் பிழைக்கும் பிள்ளை பிறக்கும்.) 1968-ல் டெனி ஓநீலும் மைக் செகௌஸ்கியும் பலத்தையும் கயிற்றையும் உடையையும் பிடுங்கிவிட்டு, அவளைத் துணிக்கடை வைத்துச் சண்டைக் கலை பயிலும் சாதாரணப் பெண்ணாக்கினார்கள். 1972 ஜூலையில் ‘மிஸ்’ என்ற பெண்ணியப் பத்திரிகை அவளை அட்டையில் போட்டபோது பழைய உடையில்தான் போட்டது. அடுத்த வருஷம் பலம் திரும்பிவிட்டது. வரலாற்றுக்குச் சுவை, தொடங்குவதற்கு உதவாது.

1987-ல் ஜார்ஜ் பெரேஸ் வந்ததும்தான் இன்று நாம் அறிந்த டயானா வருகிறாள். முதலிரண்டு இதழுக்கு வசனம் கிரெக் பாட்டர், பிறகு 16 வரை லென் வீன். கதைப்போக்கு தொடக்கம் முதலே பெரேஸின் கையில். ஆண்களின் வன்முறையில் இறந்த பெண்களின் ஆன்மாக்களைக் கிரேக்க தேவியர் ஏஜியன் கடற்பகுதியில் அமேசான்களாக மறுபிறவி எடுக்க வைக்கிறார்கள். டயானாவின் தாயாகப்போகும் ராணி ஹிப்போலிட்டா முற்பிறவியில் இறந்தபோது அவள் வயிற்றில் இருந்த, பிறக்காத குழந்தையின் ஆன்மாதான் களிமண்ணுக்குள் புகுந்த டயானா. பழைய களிமண் கதைக்கு ஒரு காரணம் கிடைத்தது. ரகசிய அடையாளம் கிடையாது, கண்ணாடி போட்ட டயானா பிரின்ஸ் கிடையாது. பழைய கதைகளில் காதலனாக வந்த ஸ்டீவ் ட்ரெவர் இங்கே காதலன் இல்லை. வயதில் மூத்த நண்பன், பின்னால் எட்டா கேண்டியை மணக்கிறான். பாஸ்டனில் ஜூலியா கபடெலிஸ் என்ற பேராசிரியையும் அவள் மகள் வனெஸாவும் டயானாவுக்கு ஆங்கிலமும் உலகமும் கற்றுத்தருகிறார்கள்.

கயிறு? 6-ஆம் இதழைப் பாருங்கள். அணு ஆயுதப் போரை மூட்ட நிற்கும் போர்க்கடவுள் ஏரிஸை டயானாவால் அடித்து வீழ்த்த முடியவில்லை. கயிற்றால் சுற்றுகிறாள். அது அவன் வாயிலிருந்து எதையும் வரவழைக்கவில்லை, அவனுக்கு ஒன்றைக் காட்டுகிறது: உலகம் முழுதும் எரிந்தபின், வணங்க ஒருவரும் இல்லாத சாம்பல் மேட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஏரிஸை. அவன் பின்வாங்குகிறான். முதல் பெரிய சண்டையை ஒரு கதாசிரியர் இப்படி முடிக்கிறார் என்றால் அவர் நாயகியைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று வேறு விளக்கம் தேவையில்லை.

பெரேஸிடம் உள்ள சிரமம் எழுத்தின் அடர்த்தி. ஒரு பக்கத்தில் எட்டு, பத்துக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் விவரணைப் பெட்டி, சிந்தனைக் குமிழி, கடவுளர் பேசும் பழைய பாணி ஆங்கிலம். இன்றைய இதழ் ஒன்றைப் படிக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். முதல் 14 இதழ்கள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. அது முழுமையான அளவு. பிடித்திருந்தால் அவர் பென்சில் பிடித்த 24 வரை போகலாம். வழியில் 20-ஆம் இதழைத் தவறவிட வேண்டாம்: டயானாவின் விளம்பர வேலைகளைப் பார்த்துவந்த மிண்டி மேயர் இறந்துகிடக்க, ஒரு காவல் அதிகாரி விசாரிக்கும் கதை. சூப்பர் பலத்துக்கு அதில் வேலையே இல்லை. 62 வரை பெரேஸ் எழுதினார் என்றாலும் கடைசியில் ‘வார் ஆஃப் தி காட்ஸ்’ என்று பல தொடர்களுக்குள் பரவும் கதையில் மாட்டிக்கொள்வீர்கள். புதியவருக்கு அது முட்புதர்.

அடுத்த பத்தாண்டை வேகமாகக் கடக்கலாம். மெஸ்னர்-லோப்ஸ் அவளை டாக்கோ கடையில் வேலைக்கு நிறுத்தினார். கேலி செய்வார்கள், ஆனால் எந்த வேலையும் இழிவில்லை என்று நினைக்கிற இளவரசி அவருடையவள். ஜான் பைர்ன் அவளைத் தெய்வமாக்கி, அம்மாவை 1940-களுக்கு அனுப்பினார். ஃபில் ஹிமெனெஸின் 170-ஆம் இதழ் மட்டும் தனியாகத் தேடிப் படிக்கத் தக்கது: பத்திரிகையாளர் லோயிஸ் லேன் ஒரு நாள் முழுக்க டயானா பின்னாலேயே சுற்றிப் பேட்டி எடுக்கிறாள், அவ்வளவுதான் கதை.

கிரெக் ரக்கா இரண்டு முறை வந்தவர். இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. முதல் வருகை 2002-ல், ‘தி ஹிகெட்டியா’ என்ற தனிப் புத்தகத்தோடு. தொடருக்கு வெளியே நிற்பதால் முன்கதை எதுவும் வேண்டாம். டேனியல் என்ற இளம்பெண் டயானாவின் காலடியில் விழுந்து, பழைய கிரேக்கச் சடங்குப்படி அடைக்கலம் கேட்கிறாள். டயானா ஏற்கிறாள். ஏற்றபின் அவளைக் கைவிட்டால் வாசலில் காத்திருக்கும் பழிதீர்க்கும் தேவதைகள் டயானாவைக் கிழித்துப்போடுவார்கள். அந்தப் பெண்ணை, அவள் செய்த கொலைகளுக்காகத் தேடி வருகிறவன் பேட்மேன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அட்டையில் பேட்மேனின் தலைமேல் டயானாவின் பூட்ஸ். அடைக்கலம் தந்தவன் கடமை என்பது நமக்குப் புராணத்திலிருந்தே பழகிய செய்தி. சடங்கின் கனம் விளக்காமலே புரியும்.

பிறகு 195 முதல் 226 வரை (2003–2006). இங்கே டயானா தூதர். நியூயார்க்கில் அமேசான்களின் தீவான தெமிஸ்கீராவின் தூதரகம், அங்கே பத்திரிகைத் தொடர்பாளர், வழக்கறிஞர், சமையற்கட்டில் மினோட்டார் ஒருவன். அவள் எழுதிய கட்டுரைத் தொகுப்பு வெளிவந்து எதிர்ப்புக் கிளம்புகிறது. அரசியல் நாடகம் பிடித்தவருக்கு விருந்து. சண்டை எதிர்பார்ப்பவருக்கு முதல் ஆறேழு இதழ் இழுக்கும். 210-ல் மெடூசாவோடு மோதும்போது, பார்த்தால் கல்லாகிவிடுவாள் என்பதால் டயானா பாம்பின் விஷத்தால் தன் கண்களைத் தானே குருடாக்கிக்கொள்வாள். அடுத்தடுத்த இதழ்களிலும் அவள் குருடாகவே இருப்பது ரக்காவின் துணிச்சல்.

219-தான் இன்றுவரை வாதிடப்படும் இதழ். மேக்ஸ்வெல் லார்ட் சூப்பர்மேனின் மனதைத் தன் பிடியில் வைத்திருக்கிறான். டயானா கயிற்றை அவன்மேல் போட்டு, உன் பிடியிலிருந்து அவனை விடுவிப்பது எப்படி என்று கேட்கிறாள். தன்னைக் கொல்வதுதான் வழி என்கிறான். கயிற்றுக்குள் இருக்கிறவன் பொய் சொல்ல முடியாது. அடுத்த கட்டத்தில் அவன் கழுத்தை முறித்துவிடுகிறாள். பெரேஸின் 6-ஆம் இதழோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கயிறு, அதே நேர்மை. அங்கே போரைத் தடுத்த உண்மை இங்கே கொலைக்குத் தள்ளுகிறது. ரக்கா அவளைக் கொலைகாரியாக்கிவிட்டார் என்பது ஒரு கட்சி. உண்மையை முழுசாக நம்புகிறவள் வேறென்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சியே சரி. ஆனால் அது சரியென்று தோன்ற அதற்கு முந்தைய இருபது இதழ்களையாவது படித்திருக்க வேண்டும். இந்தப் பக்கங்களை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் ஏமாறுவது அதனால்தான்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 219 என்பது நான்கு பாகக் கதையின் கடைசிப் பாகம். முதல் மூன்றும் சூப்பர்மேன் தொடர்களில் இருக்கின்றன: ‘சூப்பர்மேன்’ 219, ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 829, ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ 642. வொண்டர் வுமன் இதழ்களை மட்டும் வரிசையாக அடுக்கிப் படித்தால் நடுவில் பத்துப் பக்கம் கிழிந்த மாதிரி இருக்கும்.

2008 முதல் 2010 வரை கெய்ல் சிமோன். நகைச்சுவை உள்ள, மனசு இளகிய டயானா வேண்டுமானால் இவர்தான். ‘தி சர்க்கிள்’ கதையில், தீவில் பிறந்த ஒரே குழந்தையான டயானாவைச் சாபம் என்று கருதிய ராணியின் மெய்க்காவலர்கள் நால்வர் வருகிறார்கள். களிமண் பிறப்பை அதிசயமாகவே பார்த்துப் பழகிய நம்மிடம், குழந்தையே இல்லாத ஓர் ஊரில் ஒருத்திக்கு மட்டும் குழந்தை கிடைத்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டவர் சிமோன். அதன்பின் வந்த ஸ்ட்ரசின்ஸ்கியின் கதை, நினைவிழந்து கால்சட்டையும் ஜாக்கெட்டும் போட்ட டயானாவோடு தொடங்கி, பாதியில் வேறு எழுத்தாளர் கைக்கு மாறி முடிந்தது. தாண்டிவிடலாம்.

2011-ல் பிரையன் அஸரெல்லோவும் ஓவியர் கிளிஃப் சியாங்கும் பழையதையெல்லாம் துடைத்துவிட்டுத் தொடங்கினார்கள். ரசிகர்களைக் கேட்டால் பாதிப்பேர் இதுதான் சிறந்தது என்பார்கள், மீதிப்பேர் பெயரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். இருதரப்புக்கும் காரணம் உண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 1 முதல் 35 வரை ஒரே கதை. ஆறு தொகுப்புகள். வேறு எந்தத் தொடரையும் தொடத் தேவையில்லை. கடவுளர்கள் சிலை மாதிரி இல்லை. பாதாளக் கடவுள் ஹேடீஸ் தலையில் மெழுகுவர்த்திகள் உருகி வழியும் சிறுவன், போர்க்கடவுள் களைத்துப்போன தாடிக் கிழவன். ஸீயஸின் பிள்ளையைச் சுமக்கும் ஸோலா என்ற சாதாரணப் பெண்ணைக் காப்பாற்றுவதுதான் மையம். திரைப்படத்தில் டயானாவை ஸீயஸின் மகளாக்கியதற்கு வேர் இங்கேதான். களிமண் கதை, அப்பா யாரென்று மறைக்க அம்மா சொன்ன பொய்.

அந்த ஒரு மாற்றமே பலருக்குப் போதும் கசக்க. ஆண் துணையின்றிப் பெண்கள் பிரார்த்தனையால் பிறந்தவள், கடைசியில் இன்னொரு ஸீயஸ் பிள்ளையாகிவிட்டாள். ஆனால் பெரிய காயம் 7-ஆம் இதழ். அமேசான்கள் அவ்வப்போது கடலுக்குப் போய், கப்பல்காரர்களை மயக்கிக் கூடி, பிறகு கொன்று கடலில் எறிகிறார்கள். பிறப்பது ஆணாக இருந்தால் கொல்லர் கடவுள் ஹெஃபெஸ்டஸிடம் கொடுத்து ஆயுதம் வாங்கிக்கொள்கிறார்கள். தன் அண்ணன் தம்பிகள் அந்தப் பட்டறையில் அடிமைகள் என்று நினைத்து மீட்கப் பாய்கிறாள் டயானா. அவர்களோ தங்களைக் கடலில் வீசாமல் வாங்கி வளர்த்தவனை விட்டுப் போக மாட்டோம் என்கிறார்கள். காட்சியாக அது அபாரம். ஆனால் அதற்குக் கொடுத்த விலை, எழுபது வருஷமாகக் கட்டிவந்த தீவின் மானம். இந்த 35 இதழில் கயிறு பெரும்பாலும் ஆயுதம்தான், கேள்வி கேட்பது குறைவு. இன்னொன்று: அஸரெல்லோவுக்குச் சிலேடைப் பைத்தியம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள் இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் பாதி வசனம் பிடிபடும்.

புதியவை இரண்டு. 2023-ல் டாம் கிங்கும் டேனியல் சம்பேரேயும் தொடங்கியதில், அமேசான் ஒருத்தி செய்த கொலைகளைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு எல்லா அமேசான்களையும் நாட்டைவிட்டு விரட்டுகிறது. கதையைச் சொல்கிறவனே வில்லன், அவன் கையில் பொய்க் கயிறு. கற்பனை அருமை, சம்பேரேயின் ஓவியம் அதைவிட. ஆனால் எல்லாவற்றையும் எதிரியின் நீட்டி முழக்கும் குரல் வழியாகவே கேட்பதால் டயானாவின் மனசு எட்டாத உயரத்தில் நின்றுவிடுகிறது. அவளை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு அது பெருமிதம், அறியாதவர்களுக்குச் சிலை.

2024 அக்டோபரில் வந்த ‘அப்ஸல்யூட் வொண்டர் வுமன்’ முற்றிலும் வேறு உலகம். கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம். தீவில்லை, சகோதரிகளில்லை, பாதாளத்தில் சூனியக்காரி சர்சி வளர்த்த பெண். எலும்புக் குதிரை, ஆளுயர வாள், ஒரு கையை இழந்த உடம்பு. பார்த்தால் கோரம், பழகினால் பரிவே உருவானவள். எல்லாவற்றையும் பறித்த பிறகும் டயானாவில் மிஞ்சுவது எது என்று சோதித்து, அது கருணைதான் என்று தாம்சன் காட்டிவிடுகிறார். பழைய தொடர்ச்சி எதுவும் தெரியாமல், படபடவென்று ஓடும் கதை வேண்டும் என்கிற இருபது வயதுக்காரருக்கு இதைக் கொடுங்கள், பெரேஸை நீட்டாதீர்கள். ஒரே ஒரு புத்தகம் மட்டும் படித்து விட்டுவிடப் போகிறவருக்கு ‘தி ஹிகெட்டியா’. கிரேக்கக் கதைகளில் ஊறியவருக்கு, அமேசான்கள்மேல் பாசம் இல்லாத பட்சத்தில், அஸரெல்லோ. பொறுமை உள்ளவருக்குப் பெரேஸ்.

இதில் எதிலும் சேராத பெரும்பாலோருக்கு, ரக்காவின் இரண்டாம் வருகை: 2016–2017, 25 இதழ்கள். மாதம் இரண்டு இதழாக, ஒற்றைப்படை எண்களில் இன்றைய கதை, இரட்டைப்படை எண்களில் பழைய கதை என்று மாறி மாறி வந்தது. தொகுப்பாக்கும்போது பிரித்துவிட்டார்கள்: முதல் தொகுப்பு ‘தி லைஸ்’, லியம் ஷார்ப் ஓவியம், இரண்டாவது ‘இயர் ஒன்’, பெரும்பகுதி நிகோலா ஸ்காட். முதுகில் ஒன்று என்று போட்டிருப்பதால் எல்லோரும் ‘தி லைஸ்’ஸை முதலில் எடுக்கிறார்கள். அதில் காட்டுக்குள் டயானா தேடிப்போகும் சிறுத்தைப் பெண் யார், அவள்மேல் ஏன் இவ்வளவு கரிசனம் என்று புரியாமல் குழம்பி, மூடி வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் தொகுப்பை முதலில் படியுங்கள். தீவை விட்டு வந்த டயானாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. சிறையில் உட்கார்ந்திருப்பவளிடம் பேச அழைத்துவரப்படும் மொழி அறிஞர் பார்பரா ஆன் மினர்வா. அவளுடைய சிறுவயதைச் சொல்லும் 8-ஆம் இதழும் பில்கிஸ் எவ்லியின் ஓவியத்தோடு அதே தொகுப்பில் இருக்கிறது. இதற்குப் பிறகு முதல் தொகுப்பைத் திறந்தால், அந்தச் சிறுத்தை யாரென்று ஏற்கெனவே தெரியும், வலிக்கும். அந்த முதல் தொகுப்பின் தொடக்கத்திலேயே ‘ரீபர்த்’ சிறப்பிதழ். அதில் தன் கதை ஏன் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது, களிமண்ணா ஸீயஸா என்று டயானாவுக்கே சந்தேகம் வருகிறது. கயிற்றை எடுத்துத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கேட்கிறாள்.